சூரியனுக்கு எதிரே டெஸ்

சூரியனை முறைப்படி அஸ்தமிக்க வைத்த பெருமை இந்தப் பூமியில் எங்கள் டூலன் குடா கேமரா மன்றத்துக்கு மட்டுமே உண்டு. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் அதற்கு முன்பும் சூரியன் தினமும் கடலில் இறங்கிக்கொண்டுதான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் யாருடைய மேற்பார்வையும் இல்லாமல், ஏதோ தன் இஷ்டத்துக்கு.

நாங்கள் எல்லோரும் பணி ஓய்வு பெற்றவர்கள். அலுவலகம் எங்களை விட்டுவிட்டது. கூட்டம் போடும் பழக்கம் விடவில்லை. தலைவர் நெவில் ப்ரௌஸ், துறைமுகத்தில் படகு உரிமத் தேர்வு நடத்தியவர். இந்த ஊரில் படகு ஓட்டும் அத்தனை பேரும் அவரிடம் தேறியவர்கள்தான். 'இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக உயர்த்தி, மெதுவாகத் தாழ்த்தினால் ஆபத்து, உதவி தேவை என்று பொருள்.' இதைச் செய்துகாட்டாத எவரையும் நெவில் தேர்ச்சி பெற விட்டதில்லை. நானே இரண்டாம் முறைதான் தேறினேன். முதல் முறை என் முழங்கை மடங்கிவிட்டதாம்.

மன்றத்தில் இரண்டு கட்சிகள். நெவில் நீள லென்ஸ் கட்சி: சூரியன் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரியவேண்டும். ஓய்வு பெற்ற பல் மருத்துவர் பெரில் அகல லென்ஸ் கட்சி: எதையும் அகலமாகத் திறந்து பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. இரு கட்சியும் ஒன்றுபட்டது துவாரத்தில் மட்டும். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால் அருகில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒருசேரக் கூர்மையாக விழும். விரித்தால் ஒன்று தெளியும், மற்றது மங்கும். எஃப் எண் ஏற ஏறத் துவாரம் சிறுக்கும். பெரிய அலுவலகங்களில் வேலை பார்த்த எங்களுக்கு இது உடனே புரிந்தது: பதவி ஏற ஏற உள்ளே வெளிச்சம் குறைவதுதானே வழக்கம். 'அஸ்தமனத்துக்கு எஃப் பதினொன்று' என்று ஏகமனதாகத் தீர்மானித்திருந்தோம்.

போன வருடப் போட்டிக்கு நடுவராக வந்தவர் எங்கள் படங்களைப் பார்த்து, "வானம் இருக்கு, கடல் இருக்கு. மனுஷன் எங்கே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதனால் அவசரப் பொதுக்குழு கூடி, மனிதன் ஒருவனை நியமிப்பது என்று முடிவாயிற்று. அந்தப் பதவிக்கு டெஸ் டக்வெல் தேர்வானான். அவனிடம் ஓர் அலுமினியப் படகு இருந்தது. எதிர்வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரியும் தொப்பையும் இருந்தது. சன்மானம், ஒரு பெட்டி பியர்.

போட்டிக்குப் படம் எடுத்த அன்று மாலை டெஸ் கூப்பிடு தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றான். கரையில் நாங்கள் முக்காலிகளை ஊன்றி, ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டோம்.

"டெஸ், அந்த உயிர்காப்புச் சட்டையைக் கழட்டுய்யா!" என்று நெவில் கத்தினார். "தொப்பை மறையுது!"

டெஸ் கழற்றினான். செல்பேசி சட்டைப் பையில் புடைப்பாகத் தெரியும் என்று அதை நெவில் முன்கூட்டியே வாங்கித் தன் பையில் 'பத்திரப்படுத்தி' இருந்தார்.

"மோட்டாரையும் நிறுத்து. தண்ணி ஆடுது, பிம்பம் கெடுது!" இது பெரில்.

நிறுத்தினான்.

"அந்த நங்கூரக் கயிறு கோணலா தெரியுதே. அதையும் எடுத்துடேன்!"

"பெரில், வத்தம் இழுக்குதும்மா, தண்ணி வெளிக்கடலுக்கு ஓடுது. கிழக்குக் காத்து வேற. கயிறை எடுத்தா நான் நேரா ஆப்பிரிக்காதான்!"

"ஒரு நிமிஷம்டா! உனக்குக் கலைன்னா என்னன்னு தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல எந்த ஆஸ்திரேலியனுக்குத்தான் மனம் வரும்? கயிற்றை எடுத்தான்.

படகு நகர்ந்தது. மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை டெஸ் இழுக்கத் தொடங்கினான். இழுத்தான், இழுத்தான், இழுத்துக்கொண்டே இருந்தான்.

"ஆகா, உழைக்கும் மனிதன்!" என்று பெரில் கிளிக்கினார். சற்று நேரத்தில் முகம் சுருங்கியது. "நெவில், ஆள் கொசு மாதிரி ஆயிட்டான். என் லென்ஸுக்குப் பத்தாது. திரும்பி வரச் சொல்லுங்க."

"ஏன் வரணும்? இப்பத்தான் சூரியனுக்குச் சரியான அளவுல இருக்கான். போகட்டும், இன்னும் கொஞ்சம் போகட்டும்."

"நீங்க தலைவர்ங்கிறதால உங்க லென்ஸுக்கு மட்டும் ஆள் போட்டுக்குவீங்களா?"

காரசாரமான விவாதம். நெவில் எழுபது மில்லிமீட்டர் லென்ஸிலிருந்து இருநூறுக்கு மாறினார். பிறகு நானூறை மாட்டினார். டெஸ் எவ்வளவு தூரம் போனான் என்பதை நாங்கள் மைலில் அறியோம். மில்லிமீட்டரில் துல்லியமாக அறிவோம்.

அப்போது டெஸ் எழுந்து நின்றான். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினான். மெதுவாக உயர்த்தினான். மெதுவாகத் தாழ்த்தினான்.

"கடற்பறவை!" என்று பெரில் உருகினார். "அவனுக்குள்ள இப்படி ஒரு நடனமா?"

"கை வளையாம நீட்டியிருக்கான் பாருங்க," என்றார் நெவில், கண்ணை எடுக்காமல். "முழங்கை அப்படித்தான் இருக்கணும்." எங்கோ கற்பித்த ஞாபகம் அவருக்கு வந்திருக்கவேண்டும்.

சூரியன் தட்டுப்போல் இறங்கி டெஸ்ஸின் முதுகில் உட்கார்ந்தது. அத்தனை கேமராவும் சடசடத்தன. டெஸ் உயர்த்தினான், தாழ்த்தினான். வாயும் திறந்து திறந்து மூடியது. இங்கே ஒருவர் அதைப் பாட்டு என்றார். இன்னொருவர் கொட்டாவி என்றார்.

பிறகு அவன் கையிலிருந்து சிவப்பாக ஒரு தீ சீறியது.

"யாருய்யா அவனை ரெண்டாவது சூரியன் கொண்டுவரச் சொன்னது?" என்று பெரில் அலறினார். "என் வெளிச்சக் கணக்கே போச்சு!"

கையில் கேமரா இல்லாத காரணத்தால், படகில் நண்டுக்கூடை எடுக்கப் போயிருந்த ஒரு தம்பதிக்கு மட்டும் அது ஆபத்தில் கொளுத்தும் அடையாளத் தீ என்று விளங்கிற்று. அவர்கள் டெஸ்ஸின் படகைக் கட்டி இழுத்து வந்தார்கள். கரையில் நாங்கள் இன்னும், சூரியன் இறங்கிய பின் வானம் சிவக்கும் பின்னொளிக்காகக் காத்திருந்தோம். பல் கிட்டியபடி இறங்கிய டெஸ்ஸிடம் நெவில், "பின்னொளி முடியறதுக்குள்ள எதுக்குய்யா இடத்தைவிட்டு நகர்ந்தே?" என்று மட்டும் கேட்டார். டெஸ் செல்பேசியை வாங்கிக்கொண்டு, பியர் பெட்டியைத் தொடாமல் போனான். இந்த ஊரில் அதைவிடக் கடுமையான வசவு கிடையாது.

போட்டி இரவு. இறைச்சித் தட்டைப் பரிசாகத் தரும் சீட்டுக் குலுக்கல் முடிந்து, சாஸேஜ் ரொட்டி தீர்ந்து, விளக்கை அணைத்தோம். திரையில் நெவிலின் படம்: சூரியனுக்கு நடுவே டெஸ், விரித்த கைகள். பாலைவனத்துச் சுரங்க ஊரிலிருந்து வந்திருந்த இந்த வருட நடுவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"என்ன கூர்மை! அஞ்சு விரலும் தனித்தனியா எண்ணலாம். வாய்க்குள்ள நாக்குகூடத் தெரியுது! எந்தத் துவாரம்?"

"எஃப் பதினொன்று," என்றார் நெவில் அடக்கத்துடன்.

"முதல் பரிசு! ஆமா, நான் கடலே பாக்காத ஊர்க்காரன். இவர் கையை இப்படி வச்சிருக்கிறது எதுக்கு?"

அரங்கம் நிரம்ப உரிமம் பெற்ற படகோட்டிகள். ஆளாளுக்கு நாற்காலிக்கு அடியில் எதையோ தேடினோம்.

கடைசி வரிசையிலிருந்து டெஸ்ஸின் குரல் வந்தது. "சொல்லுங்க நெவில். நீங்கதானே எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க?"

விளக்கைப் போட்டோம். நெவில் திரையைப் பார்த்தார். பெரில் தரையைப் பார்த்தார். எங்கள் மன்றம் தவறிலிருந்து பாடம் கற்காத மன்றம் அல்ல. அங்கேயே அவசரப் பொதுக்குழு கூடியது. விவாதமின்றி ஒரு திருத்தம் நிறைவேறியது. இனி டூலன் குடாவில் அஸ்தமனங்கள் எஃப் இரண்டு புள்ளி எட்டில், துவாரத்தை முழுக்க விரித்து, காலடிப் புல்லைக் குவியத்தில் வைத்தே எடுக்கப்படும். புல் மிகத் தெளிவாக விழுகிறது. அதற்கு அப்பால் கடலில் யார் கையசைத்தாலும், அழகாக மங்கிவிடுகிறார்கள்.