செவலை மாடும் சிவப்பு முண்டாசும்

என் வாழ்நாளில் நான் ஒரு மாட்டைப் படைத்திருக்கிறேன். கூடவே ஒரு திருடனையும். அதற்குத் தேவைப்பட்டதெல்லாம் சாயக்குழாய் இரண்டு, தீக்குச்சி நுனியில் சுற்றிய பஞ்சு, கொஞ்சம் கர்வம். (கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். என் மனைவியைக் கேட்டால் வேறு அளவு சொல்வாள்.)

ஐம்பதுகளில் கிருஷ்ணகிரியில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். தொழிலை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது. வருகிறவர்கள் எல்லாம் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆகாத சம்பந்தியைப் பார்ப்பதுபோல் கேமராவைப் பார்ப்பார்கள். எனக்கோ மலை, மேகம், மூடுபனி என்று எடுக்க ஆசை.

அந்த மார்கழியில் வேப்பனப்பள்ளிப் பக்கம் இருந்த என் தாய்மாமன் சின்னசாமி வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகள் ராஜம்மாவுக்கும் எனக்கும் தையில் பரிசம் போடுவதாகப் பேச்சு. விடியலில் எழுந்து, மாமாவின் மாந்தோப்பு ஓரமாக நின்று, எதிர்மேட்டையும் அதன் பின்னால் இருந்த மலையையும் பனியோடு சேர்த்து ஒரு படம் எடுத்தேன்.

கழுவிப் பார்த்தால் மலையைக் காணோம். நிறங்களை மென்மையாகக் காட்டும் சாஃப்ட் பேப்பரில் அச்சுப் போட்டேன். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வந்தது. கடைக்கு வந்த ஒருவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது யாரு வூட்டுச் செவுருங்க?" என்றார். ரோஷம் வந்துவிட்டது. கறுப்புக்கும் வெளுப்புக்கும் சண்டை மூட்டிவிடும் ஹார்டு பேப்பரில் போட்டேன். மருந்துத் தட்டில் மெல்ல மெல்ல மலை எழுந்தது. மேடு தெரிந்தது. மேட்டின்மேல் நான் எதிர்பார்க்காத இரண்டு கறைகள்: ஒன்று குட்டையாய், அகலமாய், அதன் பக்கத்தில் இன்னொன்று ஒல்லியாய், நெட்டையாய்.

ஒன்று மாடு, ஒன்று ஆள் என்று அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டேன். (அந்த ஊருக்குப் போனால் நான் பார்ப்பது ஒரே ஒரு வாசலை. எதிர்மேட்டில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?)

கலர் பிலிமெல்லாம் அப்போது எங்களுக்கு எட்டாத பொருள். கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் எண்ணெய்ச் சாயத்தைப் பஞ்சால் தேய்த்துத்தான் வண்ணப்படம் செய்வோம். வானத்துக்கு நீலம் தேய்த்தேன். மலைக்குப் பச்சை. மாட்டுக்குச் செவலை நிறம். நெகட்டிவில் ஒட்டியிருந்த தூசி மாட்டின் நெற்றியில் வெள்ளைப் புள்ளியாக விழுந்திருந்தது. சுட்டி மாதிரி அழகாக இருக்கவே மறைக்காமல் விட்டுவிட்டேன். ஆளின் தலையில் சிவப்பு முண்டாசு கட்டினேன். அதில் கலை ஒன்றும் கிடையாது. சிவப்புக் குழாய் காய ஆரம்பித்திருந்தது, வீணாக்க மனமில்லை.

படத்தைக் கடைவாசல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டினேன். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது. அந்தச் சமயத்தில்தான் முனியப்பா வந்தார். மாமாவின் பக்கத்து ஊர்க்காரர். காணாமல்போன தன் மாட்டைக் குந்தாரப்பள்ளிச் சந்தையெல்லாம் தேடிவிட்டுக் களைத்து வந்தவர். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்.

"எம்மாடு!" என்றார். "தேவுடா! சுட்டி பாரு, அப்படியே எஞ்செவலை! ஏமய்யா, எங்க புடிச்ச இத?"

என் படத்தைப் பற்றி முதன்முதலாக ஒருவர் ஆர்வமாகக் கேட்கிறார். வாய் சும்மா இருக்குமா? "வேப்பனப்பள்ளிப் பக்கங்க. எங்க மாமா சின்னசாமி தோப்புக்கு நேர் எதிர்ல. நல்ல விடியக்காலம், ஆள் நடமாட்டமே இல்ல," என்று ஒரு வக்கீலுக்கு வேண்டியதை எல்லாம் வரிசையாகச் சொன்னேன்.

"சின்னசாமியா? செகப்பு முண்டாசு கட்டுவாரே, அவருங்களா?"

அந்த வட்டாரத்திலேயே சிவப்பு முண்டாசு கட்டுகிற ஒரே ஆள் என் மாமா என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் முனியப்பா பெட்டியைத் திறந்து, படத்தை எடுத்துக்கொண்டு பாதித் தெரு போய்விட்டார்.

பிறகு ஊரில் நடந்ததை, மாமா அனுப்பிய ஆள் வந்து சொன்னார். "போட்டோவுலயே வுழுந்துட்டாராம்" என்று பேச்சு. எப்போதோ கோழி தொலைத்தவர்களுக்கெல்லாம் ஞாபகம் திரும்பிவிட்டது. மாமா தெருவில் போனால் ஆடுகளை எண்ணிப் பார்த்தார்களாம். சங்கடப்பட்டு அவர் முண்டாசை அவிழ்த்து வைத்தார். "பாத்தியா, ஏன் அவுத்தான்?" என்றார்கள். மறுபடி கட்டினார். "பாத்தியா திமிர!" என்றார்கள்.

மணியக்காரர் முன்னால் கூட்டம். சாயப்பெட்டியும் டர்பன்டைன் புட்டியுமாக நான் போய் இறங்கினேன். மாமா என்னைப் பார்த்த பார்வையில் தை மாதமே இல்லை.

"மாப்ளே, நான் மாடு ஓட்டுனத நீ பாத்தியா?"

"இல்லீங்க மாமா."

"அப்பறம் எதுக்குடா எந்தலைய அதுல கொண்டுபோய் வெச்ச?"

எல்லோரையும் அந்த மேட்டுக்கே அழைத்துப்போனேன். மாடு ஒரு பாறை. ஆள், அதை ஒட்டி வளர்ந்திருந்த கறையான் புற்று. "பாத்தீங்களா!" என்றேன். முனியப்பா பாறையை ஒரு சுற்றுச் சுற்றினார், காலால் உதைத்துப் பார்த்தார், "இது எப்ப வந்தது?" என்றார்.

சரி, சாயத்தையாவது காட்டுவோம் என்று, படத்தை வாங்கிப் பஞ்சை டர்பன்டைனில் நனைத்து முண்டாசைத் துடைத்தேன். சிவப்பு சுத்தமாகப் போய்விட்டது. நிரூபித்துவிட்ட பெருமையில் நிமிர்ந்தேன்.

"அய்யோ, சாட்சிய அழிக்கறான்!" என்று கத்தினார் முனியப்பா. "பொண்ணு குடுக்கறாங்கல்ல, ஏன் அழிக்க மாட்டான்?"

கூட்டம் ஆமாம் போட்டது. மணியக்காரர் என் புட்டியை முகர்ந்து பார்த்துத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். மாமா குரலை உயர்த்தவில்லை. "நீ கெளம்பு மாப்ளே. பரிசமும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ தொடச்சது போதும்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. (டர்பன்டைன் நெடி என்று அங்கே சொல்லிக்கொண்டேன்.)

அப்போது பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து ராஜம்மா வந்தாள். "ஏய், நீ எங்க வர்ற?" என்று மாமா அதட்டியதைக் காதில் வாங்கவில்லை. என் சாயப்பெட்டியைத் திறந்து, பஞ்சில் பச்சையை எடுத்து, படத்தில் இருந்த ஆளின் தலையில் அழுத்தித் தேய்த்தாள். மணியக்காரரிடம் நீட்டினாள்.

"இப்ப இது யாருங்க பெரியப்பா?"

முனியப்பா தலையில் கட்டியிருந்தது பச்சைத் துண்டு. மணியக்காரர் படத்தைப் பார்த்தார், முனியப்பாவைப் பார்த்தார். கூட்டமும் அப்படியே பார்த்தது. "யோவ், உம்மாட்ட நீயே ஓட்டிக்கினு போயிட்டு எங்களப் போட்டு அலைக்கழிக்கறியா?" என்றது ஒரு குரல்.

"நான் வூட்லதான் இருந்தேன்! அந்நேரத்துக்கு நான் எழுந்திரிக்கறதே இல்லீங்க, எம்பொண்டாட்டியக் கேளுங்க!" என்று முனியப்பா அவசரமாகத் துண்டை அவிழ்த்தார்.

"பாத்தியா, ஏன் அவுத்தான்?" என்றார் மாமா.

முதலில் சிரித்தது மணியக்காரர். அப்புறம் ஊரே சிரித்தது. செவலை மாடு பிறகு எல்லைக்கு அந்தப்புறம், மைசூர் பக்கத்து ராகிக் கொல்லை ஒன்றில் அகப்பட்டது. தின்ற ராகிக்கு முனியப்பா கன்னடத்தில் நிறையத் திட்டு வாங்கினாராம்.

மாமாவின் கோபம் ஆறப் பங்குனி வரை ஆயிற்று. பரிசம் வாங்கிக்கொண்டார், பெண்ணும் கொடுத்தார். கல்யாணத்தில் ஒரு போட்டோகூட எடுக்கக்கூடாது என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. ஊருக்கெல்லாம் கல்யாணப் படம் எடுத்த எனக்கு, என் கல்யாணப் படம் இல்லை.

ராஜம்மாவின் சந்தேகம் மட்டும் இன்னும் ஆறவில்லை. போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து, "சர்க்கரை கொஞ்சந்தானாம், ஒரு லட்டு சாப்பிட்டா தப்பில்லன்னு டாக்டர் சொன்னார்," என்றேன். பேரப்பிள்ளைகள் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"டாக்டர் சொன்னதா," என்றாள் அவள், லட்டு டப்பாவை மேல்தட்டுக்கு ஏற்றியபடி, "நீங்க பஞ்சால தேச்சதா?"