ஆறரைத் தோட்டா

மாமனாராகப் போகிறவரிடம் வாதாடி வெல்ல நினைப்பவனுக்கு மூளை கொஞ்சம் குறைவு. எனக்கு அந்த நாளில் நிறையவே குறைவு.

டிலானியை நான் கட்ட வேண்டுமென்றால் அவளுடைய அப்பா சேவியர் அங்கிள் 'ஓம்' சொல்ல வேண்டும். புலம்பெயர்ந்து மல்வேர்னில் இருக்கும் அவர் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வடக்கே மூஸ் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போவார். (வன்னிக்காட்டு நினைப்பில் மூஸை 'மரை' என்றுதான் சொல்வார்.)

"அப்பாவோட துவக்குக் கதை மட்டும் கதைக்காதீங்கோ, ப்ளீஸ்," என்றாள் டிலானி.

கதைத்தேன். அப்போதுதான் துவக்கு லைசென்ஸ் எடுத்திருந்தேன். துவக்கு இல்லை, யூடியூப் இருந்தது. அங்கிள் பாவிப்பது அந்தக் காலத்துத் 'தேர்ட்டி ஓட் சிக்ஸ்' தோட்டா. நானோ புதிதாக வந்த ஆறு தசம் ஐந்து மில்லிமீட்டர் தோட்டாவின் பக்கம். பேச்சில் அதை 'ஆறரை' என்போம்.

"அங்கிள், ஆறரை காத்துக்கு விலகாது. தோளில உதைக்கவும் மாட்டாது."

"உது மரைக்கு நுளம்புக் கடி, தம்பி. உதைக்குப் பயந்தால் ஏன் வேட்டைக் கதை கதைக்கிறீர்?"

அப்படியும் என்னைக் கூடவர அழைத்தார். வேட்டைக்கென்று சொன்னாலும் மருமகனை நிறுத்துப் பார்க்கத்தான் என்று எனக்குத் தெரியும். வேட்டைக்கு முதல்நாள் போன் எடுத்தார்.

"கடை உம்மட வீட்டுக்குக் கிட்டத்தானே. தோட்டா ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வாரும். ஆறரை. மறந்திடாதையும்."

"ஆறரையோ! உண்மையாவோ அங்கிள்?"

"ஓம். நான் மாட்டன் எண்டுதான் நிண்டனான். அன்ரி விடுறாவில்லை."

டிலானியின் அம்மாவான அன்ரிக்கே ஆறரை பிடித்துவிட்டதா! என் பேச்சில் மயங்கி, மனுஷர் இரகசியமாகப் புதுத் துவக்கே வாங்கிவிட்டார் என்று முடிவு கட்டினேன். (பேச்சில் யாரையும் மயக்கிய அனுபவம் எனக்கு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.) நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடைக்குப் போனேன்.

அவர் வழக்கமாக ஐந்து மணிக்கே வெளிக்கிடுபவர் என்று டிலானி சொல்லியிருந்ததால், ஐந்துக்கே அவர் வாசலில் காரோடு நின்றேன். ஆறரைக்குத்தான் வெளியே வந்தார். பாவம், நித்திரை கொண்டுவிட்டார் என்று நினைத்து மரியாதைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

வடக்கே போய், காட்டுப் பாதையில் இறங்கி, உறையிலிருந்து துவக்கை எடுத்தார். அதே பழைய துவக்கு. ஆறரை அதற்குள் போகவே போகாது. நான் வாய் திறப்பதற்குள், எதிரே சேற்றுக்குள் ஒரு மூஸ் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

"தோட்டா," என்று கிசுகிசுத்துக் கையை நீட்டினார்.

கொடுத்தேன். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னது இது?"

"ஆறரை, அங்கிள். நீங்கள்தானே…"

"அது வெளிக்கிடுற நேரமடா!"

அந்தக் குரலுக்கு மூஸ் போய்விட்டது. என் கல்யாணமும் அதன் பின்னாலேயே போவதுபோல் இருந்தது. அழுகை வராத குறை.

பக்கத்துக் கிராமத்தில் பாலும் தூண்டில் புழுவும் விற்கும் சின்னக் கடை ஒன்று. அங்கே பாணுக்குப் பக்கத்தில் தேர்ட்டி ஓட் சிக்ஸ் பெட்டி அடுக்கி வைத்திருந்தார்கள். ஆறரை மருந்துக்கும் இல்லை. அங்கிள் என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு பெட்டி வாங்கினார். திரும்பிப் போய்க் காத்திருந்தோம். மூஸ் வரவில்லை.

மல்வேர்னில் அன்ரி மரை இறைச்சிக்காக ஃபிரிட்ஜை வெறுமையாக்கி வைத்திருந்தா. கதையை அங்கிள்தான் சொன்னார். பாதியில் அவருக்கே சிரிப்பு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"பிள்ளை, இவனுக்கு விளக்கம் காணாது. எண்டாலும் சொன்னதைச் செய்யிறான். கட்டு."

அன்றோடு 'நீர்' போய் 'டா' வந்தது. அந்த 'டா'வுக்காகவே அந்த மனுஷரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். கல்யாணக் கார்டில் விருந்துக்கு 'மாலை ஆறு மணி முப்பது நிமிடம்' என்று அடிக்கச் சொன்னவரும் அவர்தான். இன்றைக்கும் இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்தால் இப்படித்தான் சொல்வார்:

"ஆறு முப்பதுக்கு வாடா. வெறுங்கையோட வா."