மாடு கொடுத்து வாங்கிய மோட்டார் சைக்கிள்

பொறாமைக்காரனுக்கு மழைகூடத் தன் பக்கம் பெய்வதாகத்தான் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றிய ஒரு மழை உண்டு. அந்த மழையில் மலை வழுக்கியது, ரயில் நின்றது, மலைநாடு முழுக்க மோட்டார் சைக்கிள் விலை ஏறியது. கடைசியில் எங்கள் வீட்டு மாடு போயிற்று.

அப்போது நான் தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர். கலியாணமாகிச் சில மாதங்கள்தான். என் மனைவி சரசு ராகலையிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு சிவப்புப் பசுவோடும் அதன் கன்றோடும் வந்திருந்தாள். (பெட்டியை நான் தூக்கினேன். பசு என்னைப் பார்த்த பார்வையில், ‘இவனா?’ என்ற கேள்வி இருந்தது.)

அடுத்த மேசை செபஸ்தியானுடையது. என்னைவிட வயதில் சின்னவன். உயரம் அதிகம், தலைமுடி அதிகம், ஆங்கிலமும் அதிகம். மாதா கோயிலில் அவன் பாடினால் சாமி கும்பிடப் போகிற எங்கள் ஆட்களும் வேலியோரம் நின்று கேட்பார்கள். நான் கவிதை எழுதுவேன். வாசிக்க ஆரம்பித்தால் மழை வருகிறதென்று எழுந்து போய்விடுவார்கள். இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம். அவன் நல்லவனாகவும் இருந்து தொலைத்தான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த வருடம் மேல் டிவிசனில் கண்டாக்கு வேலை காலியானது. மலையில் ஆட்களை வேலை வாங்கி மேற்பார்வை செய்கிற வேலை. தனி வீடு, வாசலில் ரோஜாச் செடி, எல்லாவற்றுக்கும் மேல் ‘கண்டாக்கையா’ என்ற அழைப்பு. பகல் முழுக்கச் ‘சின்னக் கிளாக்கர்’ என்று கூப்பிடப்படுகிறவனுக்கு அந்த ‘ஐயா’ தேன் மாதிரி. தோட்டத்தை நடத்தும் துரை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேல் டிவிசன் தூரம், நடந்து போகிற ஆள் தனக்கு வேண்டாம், மாதக் கடைசித் திங்கட்கிழமை பெரட்டுக்குச் சொந்த மோட்டார் சைக்கிளில் முதலில் வந்து நிற்பவனுக்கே வேலை என்றார். (பெரட்டு என்பது விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் களம். தோட்டத்தில் ஒருவனுடைய மானம் போக அதைவிட வசதியான இடம் கிடையாது.)

செபஸ்தியானுக்குக் கொழும்பில் ஒரு மாமா. கேள்விப்பட்டதும் புது வண்டி வாங்கி, மரப்பெட்டிக்குள் வைத்து, ரயிலில் ஏற்றியும் விட்டார். எனக்கும் மாமாக்கள் உண்டு. தீபாவளிக்குச் சாப்பிட வருவார்கள்.

அப்போதுதான் மழை பிடித்தது. எங்கள் மலையில் மழை பெய்துவிட்டுப் போகாது, வந்து குடியிருக்கும். சுவரில் ஏறும், அரிசியில் ஏறும், தலையணைக்குள் புகுந்து நம் கனவையும் நனைக்கும். நேற்றுவரை தாண்டிப்போன ஓடையெல்லாம் சிவந்த கண்ணோடு ஆறாகி நின்றது. ஒரு காலை செய்தி வந்தது. ஹட்டனுக்குக் கீழே மண் சரிந்து ரயில் பாதையை மூடிவிட்டது. செபஸ்தியானின் வண்டி நாவலப்பிட்டியில் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. “அடடா, பாவமே” என்றேன். சிரிப்பு வெளியே வராதிருக்க உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

ஹட்டனில் கராஜ் வைத்திருந்த பாஸிடம் (மெக்கானிக்கை அங்கே பாஸ் என்போம்; அவர் நம்மை மாத்தயா, அதாவது ஐயா, என்பார்) ஒரு பழைய வண்டி கிடந்தது. உலக யுத்த காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் ஓட்டியது. மழைக்கு முன்னால் அதன்மேல் கோழி அடைந்துகொண்டிருந்தது. பாதி வழி பஸ், பாதி வழி சேறு என்று ஹட்டனுக்குப் போனேன். கோழியை இறக்கிவிட்டிருந்தார். விலை அரை மாடாகியிருந்தது. மறுமுறை போனபோது வண்டியைத் துடைத்து எண்ணெய் பூசியிருந்தார். முக்கால் மாடு. நுவரெலியாவிலிருந்து ஒருவர் கேட்டாராம், நானுஓயாவிலிருந்து ஒருவர் கேட்டாராம். புது வண்டி மேலே ஏறவில்லை, டயர் ஏறவில்லை, ஏறியதெல்லாம் விலை மட்டும்தான்.

“புதுசு வர்ற வரைக்கும் பழசுதான் மாத்தயா புதுசு,” என்றார் பாஸ். “ரயில் வரட்டும், நீங்க கேக்குற விலைக்கு நான் தர்றேன். அதுவரைக்கும் நான் கேக்குற விலைதான்.”

என் சங்கடம் அங்கேதான். காத்திருந்தால் விலை இறங்கும். ஆனால் விலையை இறக்குகிற அதே ரயில் செபஸ்தியானின் வண்டியையும் இறக்கிவிடும்.

இந்த நேரத்தில்தான் ஆபீசில் பெரிய கிளாக்கர் பக்கத்துத் தோட்டத்தாரோடு டெலிபோனில் பேசியது என் காதில் விழுந்தது. “அப்ப லைன் அடியோட போச்சா? மூணு மாசமாகுமா? ஆளுங்கள பள்ளிக்கூடத்துல தங்க வச்சிருக்கீங்களா, நல்லது. தகரம்கூட கெடைக்கலையா?”

மூன்று மாதம். பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கும் ரயில் பயணிகளுக்காக ஒரு நிமிடம் வருந்திவிட்டு, நேரே செபஸ்தியானிடம் போனேன். அவன் தன் அம்மாவுக்குப் பால் வேண்டுமென்று பசு தேடிக்கொண்டிருந்தான். என்னிடமே விலைக்குக் கேட்டிருந்தான். அன்றைக்கே பசுவையும் கன்றையும் கொடுத்தேன். செபஸ்தியானின் காசிலேயே செபஸ்தியானை முந்தப் போகிறேன் என்ற நினைப்பு, வெந்நீரில் குளித்த மாதிரி இதமாக இருந்தது.

சரசு வெறும் தொழுவத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கண்டாக்கையா பொண்டாட்டி நாலு மாடு வச்சிக்கலாம்,” என்றேன்.

“கண்டாக்கையா ஆனப்பறம் வித்திருக்கக் கூடாதாங்க?”

(இந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.)

பாஸ் ஒரு முழு மாட்டின் விலையையும் கன்றின் விலையையும் வாங்கிக்கொண்டு வண்டியைத் தந்தார். இறக்கத்தில் அது என்னைச் சுமந்தது. ஏற்றத்தில் நான் அதைச் சுமந்தேன். ஹட்டனிலிருந்து தோட்டத்துக்கு ஏற்றமே அதிகம்.

திங்கட்கிழமை. பெரட்டுக் களத்துக்கு மேலே இருந்த வளைவுவரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து ஏறி உட்கார்ந்தேன். பனி விலகுகிறது, கொழுந்துக் கூடையோடு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், துரை கடிகாரத்தைப் பார்க்கிறார். அந்தக் காட்சிக்குள் நான் ஒரு கவிதை வரி போல இறங்கினேன். இறங்கினேன், இறங்கிக்கொண்டே இருந்தேன். பிரேக்கை மிதித்த கால் தரையைத் தொட்டது. துரையைத் தாண்டி, கங்காணிமாரைத் தாண்டி, மழைத் தண்ணீர் ஓடும் கானைத் தாண்டி, தேயிலைச் செடிகளுக்குள் தலைகீழாகப் போய் நின்றேன்.

களத்தில் எல்லாத் தலைகளும் செடிப் பக்கம் திரும்பின. பிறகு ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. “சின்னக் கிளாக்கரய்யா கொழுந்தெடுக்க எறங்கிட்டாரு போல. யாராச்சும் கூடை குடுங்கடி.”

சிரிப்பு அடங்குவதற்குள் கீழ் ரோட்டில் ‘டுப்பு டுப்பு டுப்பு’ என்று ஒரு புதுச் சத்தம். பளபளவென்று செபஸ்தியான். வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்து என்னைத் தூக்கியதும் அவன்தான்.

“லைன் தொறந்து ரெண்டு நாளாச்சேண்ணே. நேத்துதான் தலவாக்கலை ஸ்டேசன்ல எடுத்தேன். அடி பட்டிருச்சா?”

“மூணு மாசமாகும்னு பெரிய கிளாக்கரய்யாதானே சொன்னாரு,” என்றேன், வாயிலிருந்து ஓர் இலையை எடுத்துக்கொண்டே.

பெரிய கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றினார். “நானா? அது பக்கத்துத் தோட்டத்து லைனுய்யா. மண்ணு சரிஞ்சு ஆளுங்க வீடெல்லாம் இடிஞ்சு போச்சு. ரயிலுக்கு எதுக்குய்யா தகரம்?”

தோட்டத்து ஜனங்கள் ‘லயம்’ என்று சொல்லும் தொழிலாளர் குடியிருப்பை அவர் ஒருவர்தான் கவுரவமாக ‘லைன்’ என்பார். அது எனக்குத் தெரியும். தினமும் கேட்டதுதான். யாரோ வீடிழந்து பள்ளிக்கூடத்தில் படுத்திருந்த செய்தியை, செபஸ்தியானின் வண்டி வராது என்ற செய்தியாக என் காது மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டது.

முதலில் வந்து நிற்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. முதலில் வந்தவன் நான். நின்றவன் அவன். துரைக்கு அந்த வித்தியாசம் போதுமானதாக இருந்தது.

ரயில் ஓடத் தொடங்கியதும் புது வண்டிகள் வரிசையாக மலையேறின. என் வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பாஸ் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இப்ப கோழி வெலைதான் மாத்தயா,” என்றார். பொய் சொல்லவில்லை. அந்தக் காசில் ஒரு நல்ல சேவல் வாங்கலாம்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கண்டாக்கையா ஆன செபஸ்தியான், மாட்டை வாங்கிக்கொண்டோமே என்ற மனசாட்சியில், தினமும் காலையில் அதே மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவந்தான். காசு வாங்கவே மாட்டான். என் மாட்டின் பாலை என் எதிரி எனக்குத் தருமமாகத் தர, அதில்தான் என் மகள் வளர்ந்தாள். (என் தொழுவத்தில் கறந்ததைவிட அங்கே அது அதிகம் கறந்ததாம். பசுவையும் நான் மன்னிக்கவில்லை.)

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் வாரம் வாத்தியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பிள்ளை கெட்டிக்காரிதான், ஆனால் ஒரு சந்தேகம் என்றார். வகுப்பில் ‘மாடு எப்படிக் கத்தும்?’ என்று கேட்டிருக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் ‘ம்மா’ என்றிருக்கின்றன. இவள் மட்டும் எழுந்து நின்று, ‘டுப்பு டுப்பு டுப்பு’ என்றாளாம்.

இப்போது அவள் கலியாணமாகிப் போய், புருஷன் வீட்டிலும் இதைச் சொல்லியிருக்கிறாள். சம்பந்தி வீட்டுப் பெண்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறார்கள். நாங்கள் இருவரும் தனியாக உட்கார்ந்திருக்கும்போது ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் போதும். சரசு என் பக்கம் திரும்பாமலே சொல்வாள்.

“பாத்திரம் எடுத்து வைங்க. மாடு வருது.”