வக்கீலுக்கு ஏற்ற பிளக்கு

தர்மபுரியில் ஒரு மனிதனை ஒரே பார்வையில் எடைபோடத் தெரிந்த ஆள் பிளக்கு ஜோசியர் ஒருவர்தான். மாஜிஸ்திரேட்டுக்கு மூன்று வாய்தா பிடிக்கும் வேலையை, அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நேரத்தில் முடித்துவிடுவார். அதுவும் கார் என்ஜினுக்கு ஸ்பார்க் பிளக்கு மாட்டுவதற்காக.

பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துப் புளியமரத்தடிதான் அவருடைய பட்டறை. வண்டி போய் நின்றால் வண்டியைப் பார்க்க மாட்டார்.

"ஓட்டுறவரு இறங்கி அந்தக் கெணறு வரைக்கும் நடந்துட்டு வாங்க" என்பார்.

நடையைப் பார்ப்பார். பிறகு விசாரணை. களியைச் சூடாக முழுங்குவீர்களா, ஆறவைத்தா? சந்தையில் மாடு மிரண்டு வந்தால் ஓடுவீர்களா, ஒதுங்குவீர்களா? நாலு ஊர் நிலத்துக்குச் சொந்தக்காரரான ஒரு மிட்டாதார் பொறுமையிழந்து, "யோவ், பிளக்கு மாட்டச் சொன்னா பொண்ணு குடுக்கிற மாதிரி கேக்கிறியே" என்றார்.

"பொண்ணு தப்பாக் குடுத்தா சமாளிச்சுக்கலாமுங்க. பிளக்கு தப்பாக் குடுத்தா வண்டி நின்னுபோகும்."

கிறுக்கு என்றுதான் எல்லோரும் சொன்னோம். ஆனால் அதில் விஷயம் இருந்தது. வேகமாக ஓட்டுகிறவனுடைய என்ஜின் கொதிக்கும். அதற்குச் சூட்டைச் சீக்கிரம் இறக்கிவிடும் குளிர் பிளக்கு வேண்டும். மெதுவாக ஓட்டுகிறவனுக்குச் சூட்டைப் பிடித்துவைத்துக் கரியை எரித்துவிடும் சூட்டுப் பிளக்கு. மாற்றிப் போட்டால் வம்பு.

எனக்கு வம்பு காரிமங்கலம் சந்தையில் ஆரம்பித்தது. வழக்கே வராத வக்கீலாகிய எனக்கு மாமனார் சீதனமாகக் கொடுத்த குட்டிக் கார், சந்தைக் கூட்டத்துக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே என் மனைவி பட்டுச் சேலையில். நாலு பேர் தள்ளினார்கள். ஓர் ஆட்டு வியாபாரி குனிந்து, "இது விக்க வந்ததுங்களா? பல்லைப் பாக்கலாமா?" என்று கேட்டார். என் மனைவி இறங்கினாள். பஸ் ஏறினாள். நேரே பென்னாகரம், பிறந்த வீடு. ஏறும்போது ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்.

"யாரும் தள்ளாம எங்கப்பா வூட்டு வாசல் வரைக்கும் இந்த வண்டி வந்தா, நானும் வர்றேன்."

பத்து நாள் நானே சமைத்துச் சாப்பிட்டேன். பதினோராம் நாள் புளியமரத்தடிக்குப் போனேன்.

கிணறு வரை நடக்கச் சொன்னார். பார்ப்பவர்கள் இருந்ததால் விறைப்பாக நடந்தேன்.

"எத்தனை மைல் வேகத்துல போவீங்க, வக்கீலய்யா?"

"நாப்பது. ரோடு நல்லா இருந்தா அம்பது."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "வக்கீலு சொன்னா நம்பித்தான ஆகணும்" என்று குளிர் பிளக்கு நாலை மாட்டினார். என் வார்த்தையை நம்பிய முதல் மனிதர் அவர். கோர்ட்டில் அந்தப் பாக்கியம் எனக்குக் கிடைத்ததே இல்லை.

பென்னாகரம் ரோட்டில் பாதி வழி இண்டூர்கூடத் தாண்டவில்லை. வண்டி இருமியது, விக்கியது, படுத்துவிட்டது. இரண்டு எருதுகள் இழுக்க, ஸ்டியரிங்கைக் கம்பீரமாகப் பிடித்தபடி தர்மபுரிக்குள் திரும்பி நுழைந்தேன்.

ஜோசியர் ஒரு பிளக்கைக் கழற்றி என் மூக்குக்கு நேரே நீட்டினார். அடுப்புக்கரி மாதிரி இருந்தது.

"இது அம்பதுல போனவரு பிளக்குங்களா? கட்டவண்டிக்குப் பின்னாலயே போனவரு பிளக்குங்க இது. நெசத்தைச் சொல்லுங்க."

"இருபது."

பிளக்கை இன்னும் கிட்டே நீட்டினார்.

"பதினஞ்சு."

வெற்றிலையை மெல்ல ஆரம்பித்தார்.

"பன்னெண்டு. எறக்கத்துல."

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா, அம்மா இந்நேரம் வூட்டுல இருந்திருப்பாங்க" என்றார். பெண்டாட்டி கோபித்துப் போனதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. என் சட்டையில் இருந்த ரசக்கறை சொல்லியிருக்கும்.

யுத்த காலம். சேலத்திலேயே பிளக்கு கிடைக்காது. ஒரு கடுகு டப்பாவைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த நாலு சூட்டுப் பிளக்கை எடுத்தார். அவரிடம் இருந்த கடைசி செட். "உங்களை மாதிரி ஒருத்தரு வருவாருன்னு எடுத்து வச்சிருந்தேன்" என்றார். அதைப் புகழ்ச்சியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பென்னாகரம் போய்ச் சேர்ந்தேன். வழியில் ஒரு செம்மறி ஆட்டு மந்தை என்னை முந்திப் போனது உண்மை. ஆனால் வண்டி நிற்கவில்லை. மாமனார் வாசலுக்கு வந்தார். பின்னால் என் மனைவி வந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. நேரே காருக்குப் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள்.

"யாரு தள்ளிட்டு வந்தது?"

"யாரும் இல்ல."

இன்னொரு சுற்று சுற்றிவந்து பார்த்துவிட்டு, பெட்டியை எடுத்துவரப் போனாள்.

திரும்பும்போது புளியமரத்தடியில் நிறுத்தினேன். அவள் காரிலிருந்து இறங்கி நாலு எட்டு நடந்ததைப் பார்த்துவிட்டு, ஜோசியர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அம்மா ஓட்டக் கத்துக்கிட்டாங்கன்னா சொல்லுங்க. அந்தக் குளிர் பிளக்கையே கழுவி மாட்டிடறேன்."

"அது சரி, உங்களுக்கு எந்தப் பிளக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கு வண்டி ஓட்டவே தெரியாதுங்களே" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கிணற்றுக்கு அனுப்பினார்.

இன்றைக்கும் நான் பன்னிரண்டு மைல் வேகத்துக்காரன்தான். இப்போது அந்த மரத்தடியில் யாரும் இல்லை. இருந்தாலும் அங்கே வரும்போது எட்டுக்குக் குறைத்துவிடுவேன். இறங்கி நடக்கச் சொன்னால் காதில் விழவேண்டும் அல்லவா.