டுவேன் ஹால்வர்சன் தண்ணீரில் இறங்காத வருடம்

இந்த வருடம் ஏரித் தண்ணீரில் கால் வைப்பதில்லை என்று டுவேன் ஹால்வர்சன் முடிவு செய்துவிட்டான். சாதாரண முடிவு இல்லை. பல் துலக்கும்போது கண்ணாடியை முறைத்துப் பார்த்து, வாய் நிறைய நுரையோடு எடுத்த முடிவு.

மினசோட்டாவின் வடக்கில் மே மாதம் வந்து ஏரியில் பனிக்கட்டி உருகியதும் மாப்பிள்ளைகளுக்குக் கெட்ட காலம் ஆரம்பிக்கும். குளிருக்கு முன்னால் கழற்றிக் கரையில் போட்ட படகுத்துறையை மறுபடி ஏரிக்குள் நிறுத்த வேண்டும். இரும்புக் கால்களை ஊன்றி, பலகைத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பூட்ட வேண்டும். நேற்றுவரை கட்டியாக இருந்த தண்ணீர் எலும்பைத் தேடிப் பிடிக்கும். மாமியார் அர்டிஸ் வீட்டில் இதற்கென்றே நெஞ்சுவரை வரும் ரப்பர் கால்சட்டை ஒன்று உண்டு. அதன் இடது காலில் ஓர் ஓட்டையும் உண்டு. டுவேனுக்குக் கல்யாணமானதிலிருந்து அந்த ஓட்டையோடு பழக்கம்.

ஆகவே அவன் தனக்கு முதுகுவலி என்று மனைவி மார்னியிடம் சொன்னான்.

"அப்படியா, சரி" என்றாள் மார்னி.

அந்தப் பக்கத்து ஜனங்கள் கத்திச் சண்டை போட மாட்டார்கள். "அப்படியா, சரி" என்பார்கள். அதைக் கேட்டதுமே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். டுவேன் இருக்கவில்லை. அவன் நினைப்பெல்லாம் 'வடதிசை வேந்தன்' மேல் இருந்தது.

'வடதிசை வேந்தன்' கணினி விளையாட்டு. ஒரே ஆள் ஆடுவது. காட்டைத் திருத்தி ஊர் கட்டி ராஜாவாக இருக்கலாம். டுவேன் அதை முழு விலை கொடுத்து வாங்கியிருந்தான். ஊரில் உள்ள அத்தனை பேரும் அவன் சொன்னதைக் கேட்டார்கள். நிஜ வீட்டில் நாய்கூட மார்னியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவனிடம் வாலாட்டும். ஒரு வாரம் விடுப்பு எடுத்து, ஏரிக்கரையில் இருக்கும் தங்கள் கேபினுக்குப் போய், தின்று, தூங்கி, அரசாள்வது என்பது திட்டம். கேபினில் இணையம் கிடையாது. தொலைபேசியும் எடுக்காது. அலுவலகத்திலிருந்து யாரும் கூப்பிட முடியாது என்று அதையும் ஒரு வசதியாகவே கணக்கில் சேர்த்திருந்தான்.

கிளம்புகிற நேரத்தில் கணினித் திரையில் நீளமாக ஓர் அறிவிப்பு வந்தது. டுவேன் 'பிறகு' என்ற பொத்தானை அமுக்கிவிட்டு மூடினான். அவன் எந்த அறிவிப்பையும் படித்தவன் இல்லை. பக்கம் பக்கமாக நிபந்தனை வந்தாலும் 'ஏற்கிறேன்' என்று அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். மார்னி நேர்மாறு. சோப்பு உறையைக்கூட முழுக்கப் படித்துவிட்டுத்தான் கிழிப்பாள். அப்போது காப்பிக் கோப்பையோடு அவன் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள்.

காரில் போகும்போது மார்னி ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தாள். டுவேன் கோட்டைக்கு எந்தப் பக்கம் அகழி வெட்டுவது என்ற யோசனையில் எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்று தலையாட்டினான்.

கேபினில் கணினியை வைத்து, பக்கத்தில் வறுவல் பாக்கெட்டைப் பிரித்து, கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தான். திரையில் ஒரே வரி வந்தது. 'இணைய இணைப்பு இல்லாமல் இந்த விளையாட்டை ஆட முடியாது.'

"இது என்ன அநியாயம்? நான் ஒருத்தன் தனியா ஆடுறதுக்கு எதுக்கு இணையம்?"

மார்னி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே, "திருட்டுப் பிரதியான்னு பாக்கறாங்களாம்ப்பா" என்றாள்.

"அவங்க கடையிலதானே வாங்கினேன்!"

"வாங்கினே. நிமிஷத்துக்கு நிமிஷம் அதை நிரூபிக்க வேணாமா?"

"ஆபீஸ்ல அந்த கர்ட்டிஸ் திருட்டுப் பிரதிதான் வெச்சிருக்கான். பூட்டை உடைச்ச பிரதி. விமானத்துல உக்காந்து ஆடறான், மீன் பிடிக்கப் போன இடத்துல ஆடறான். காசு குடுத்தவன் நான் இங்க சுவரைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

"நல்லவனா இருந்தா கஷ்டந்தான்" என்று மார்னி அடுத்த கிழங்கை எடுத்தாள்.

டுவேன் சும்மா இருப்பானா? விறகுக் குவியலின் உச்சியில் ஏறிக் கையை நீட்டினால் தொலைபேசிக்கு ஒரு கோடு சமிக்ஞை கிடைத்தது. தொலைபேசியை மீன்தூண்டில் கழியின் நுனியில் கட்டி, கூரைமேல் நட்டு, அதன் வழியாகக் கணினிக்கு இணையத்தை இழுத்தான். விளையாட்டு திறந்தது. பெருமை பிடிபடவில்லை. மதியம் முழுக்க உட்கார்ந்து மதில் எழுப்பினான், சந்தை கட்டினான். ஒரு மரங்கொத்தி வந்து கழியில் உட்கார்ந்தது. கழி சாய்ந்தது. திரை இருண்டது. மதில், சந்தை எல்லாம் மதியத்துக்கு முந்தைய நிலைக்குப் போய்விட்டன.

சாப்பிடும்போது மார்னி பொதுவாகச் சொல்வதுபோல, எதிர்க்கரையில் அம்மா வீட்டுக்குப் போன மாதம்தான் இணையம் போட்டிருக்கிறார்கள், படுவேகமாம் என்றாள். சொல்லிவிட்டு, கிழங்கும் இறைச்சியும் சேர்த்து அடுப்பில் சுட்ட ஹாட்டிஷை அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

மறுநாள் காலை டுவேன், மாமியாரைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்று கணினியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

அர்டிஸுக்கு ஏக சந்தோஷம். காப்பி கொடுத்தாள். ஓட்ஸ் இனிப்புத் துண்டுகளைக் கொடுத்தாள். கடவுச்சொல்லையும் கொடுத்தாள். இணையப் பெட்டி ஏரியைப் பார்த்த ஜன்னலோரம் இருந்ததால் அங்கேயே மேசை போட்டுக் கொடுத்தாள். விளையாட்டைத் திறந்ததும் அதே நீள அறிவிப்பு வந்தது. 'பிறகு' என்று அமுக்கினான். படகுத்துறை பற்றி அர்டிஸ் மூச்சுவிடவில்லை. டுவேனுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று.

அரை மணியில் ஜன்னலுக்கு வெளியே ஏதோ அசைந்தது. அர்டிஸ்தான். ரப்பர் கால்சட்டை கழுத்துவரை ஏறியிருக்க, ஓர் இரும்புக் காலை இழுத்துக்கொண்டு தண்ணீரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

டுவேன் வெளியே ஓடினான். "அத்தே, என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லே மாப்ளே. நீ போய் ஆடு. எனக்கென்ன, எழுபத்தாறுதானே ஆகுது. உனக்கு முதுகுவலின்னு மார்னி சொன்னா, பாவம்."

பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பியை மட்டும் கொஞ்சம் தூக்கினார். டுவேன் ரப்பர் கால்சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டான். ஓட்டை அதே இடத்தில் இருந்தது.

அன்றிலிருந்து இதே கதைதான். ஒரு தட்டைப் பூட்டிவிட்டு வந்து கொஞ்ச நேரம் அரசாள்வான். விளையாட்டுக் கம்பெனிக்காரர்கள் 'பராமரிப்பு நடக்கிறது, காத்திருக்கவும்' என்று வெளியே தள்ளுவார்கள். சும்மா இருந்தால் அர்டிஸ் சுத்தியலைத் தேட ஆரம்பிப்பாள். மறுபடி ஏரிக்குள் இறங்குவான். திரைக்குள் ஒரே அமுக்கில் துறைமுகம் கட்டுகிற ராஜா, வெளியே பல் கிட்டித்துப்போய் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே மறந்துவிட்டது.

விடுப்பின் கடைசி நாள் படகுத்துறை நின்றது. நேராக, அழகாக நின்றது. அதைப் பார்க்க அவனுக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. நடுங்கிக்கொண்டே வந்து கணினி முன் உட்கார்ந்தான். பழையபடி அந்த அறிவிப்பு வந்தது. 'பிறகு' என்று அமுக்கப் பார்த்தான். விரல்கள் விறைத்துப்போய் ஒன்றும் அசையவில்லை. வேறு வழியில்லாமல், வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அறிவிப்பைக் கடைசிவரை படித்தான்.

'அன்பான வாடிக்கையாளரே, உங்கள் புகார்களுக்குச் செவிசாய்த்து இணைய நிபந்தனையை நீக்கிவிட்டோம். இந்தப் புதுப்பிப்பை ஒருமுறை இறக்கிக்கொண்டால் இனி எங்கே வேண்டுமானாலும் ஆடலாம்.' கீழே தேதி இருந்தது. கேபினுக்குக் கிளம்பியதற்கு முந்தின நாள்.

காரை எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது. மார்னி கேபின் வாசலில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இது தெரியுமா?"

"தெரியுமே. வீட்லயே படிச்சேன்."

"ஏன் சொல்லலே?"

"சொன்னேனே. கார்ல வர்றப்போ சொன்னேன். நீ சரி சரின்னு தலையாட்டினே."

"இன்னொரு தடவை சொல்லியிருக்கலாமில்லே?"

"ஒரு தடவைக்கு மேல சொன்னா நச்சரிக்கறேம்பே."

ஈரக் காலுறையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அப்புறம் என்னவோ தோன்றி, டுவேன் கொஞ்சம் பயத்தோடு கேட்டான். "கார்ல வேற எதுக்கெல்லாம் சரின்னு சொன்னேன்?"

மார்னி மடித்த துண்டை அவன் கையில் கொடுத்தாள்.

"அக்டோபர்ல அந்தத் துறையைக் கழட்டறதுக்கு."