மூணுகுட்டத்தை ஜெயித்த முழங்கால்

விருதுநகர்
திங்கட்கிழமை, காலை ஜெபம் முடிந்தபின்

கர்த்தருக்குள் பிரியமான மாப்பிள்ளை சாலமன்ராஜ் அவர்களுக்கு,

மாமா தேவாசீர்வாதம் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை பியூலாவும் சுகம். சுகம் என்று கடிதத்தில் எல்லோரும் எழுதுவதுதான். நான் மலை ஏறிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அங்கே நீங்களும் என் மகள் கிருபாவும் பேரப்பிள்ளையும் சமாதானமாக இருக்க ஜெபித்துக்கொள்கிறோம். சாயங்காலக் காற்றில் பிள்ளையை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போக வேண்டாம் என்று கிருபாவிடம் சொல்லவும். மரியாதைப் பேச்சு இத்துடன் முடிந்தது. இனி நமக்குள் இருக்கிற கணக்குக்கு வருகிறேன்.

இரண்டு வருடமாக நீங்கள் எங்களைச் சென்னைக்குக் கூப்பிடுவதும், உங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, என் முழங்காலுக்கு அது ஆகாது என்று நான் சொல்வதும் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அதில் யாருக்கும் மனவருத்தம் இல்லை. போன மாதம்தான் வீடியோ காலில் நீங்கள் கட்சி மாறினீர்கள். "முழங்கால் அம்புட்டு மோசம்னா அங்கன தனியா இருக்கவே கூடாது மாமா. கேட்டுல பால் வாங்கப் போறதுக்கே நடுவுல ஒருக்கா உக்காருறீக. கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் வீட்டப் பூட்டிருவோம். படியில வேணா நான் தூக்கிட்டுப் போறேன்" என்றீர்கள். மாப்பிள்ளை மாமனாரைத் தூக்குவதாம். நாலு பேர் பார்க்கிற அபார்ட்மெண்டில். எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. காலையில் பஜார் பக்கம் போய் மிளகாய் வத்தல் மூட்டை நெடியில் ஒரு தும்மல் போட்டால்தான் எனக்குப் பொழுது விடியும். சென்னையில் நான் எதற்குத் தும்முவது? அதனால்தான் ஆவேசத்தில், "நான் ஒரு மலை ஏறிக் காட்டிட்டா?" என்று கேட்டுவிட்டேன். "ஏறிட்டீகன்னா சென்னைங்கிற பேச்சையே எடுக்க மாட்டேன் மாமா" என்று நீங்கள் சொன்னதும், சொல்லிவிட்டு போனைத் திருப்பி வைத்துக்கொண்டு சிரித்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு இருக்கிறது. அடுத்த வாரமே கூரியரில் மலையேறுகிற ஷூ ஒன்று வந்தது. அக்கறையில் அனுப்பினீர்களா, கேலிக்கு அனுப்பினீர்களா என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை.

எங்கள் பின்தெரு செல்லச்சாமியை உங்களுக்குத் தெரியும், ஆமத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன், உங்கள் கல்யாணத்தில் பந்தி மேற்பார்வை பார்த்தவர். தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டியதும் அவர்கள் ஆட்கள் எல்லோரும் வருடா வருடம் வேன் பிடித்து இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போவார்கள். இந்த வருடம் சாமி கும்பிட்டு முடித்து, மேற்கு மலையடிவாரத்தில் இருக்கிற மூணுகுட்டத்துக்கும் போவதாக ஏற்பாடு. மூணுகுட்டம் என்றால் இரண்டு மலைக்கு நடுவில் ஓடை அறுத்துக்கொண்டு வருகிற ஒரு பெரிய பிளவு. அதற்குள் பாறையிலேயே அமைந்த மூன்று குளங்கள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. மூன்றாவது குட்டத்துக்கும் மேலே தொப்பிப்பாறை. அதுதான் உச்சி. "சார், கோயிலுக்கு நீங்க வரமாட்டீக. ரெண்டாவது டிரிப்புல அடிவாரத்துக்கு மட்டும் உங்களையும் சிஸ்டரம்மாவையும் ஏத்திக்கிடுதோம்" என்றார் செல்லச்சாமி. உங்கள் அத்தை முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவள் அல்லவா, முழங்காலுக்குப் பட்டை, தைலம், மாத்திரை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, "மொதக் குட்டத்துல காலை நனைச்சிட்டு வந்துருவோம்" என்றாள். நான் புது ஷூவைப் போட்டுக்கொண்டேன்.

இனி கவனமாக வாசிக்கவும், ஏனென்றால் நீங்கள் முதலில் கேட்கப்போவது போட்டோ. போட்டோ இல்லை. ஏன் இல்லை என்றால், வனத்துறை செக்போஸ்டில் காக்கி உடுப்புப் போட்ட ஒருவர் வழிக்குக் குறுக்கே கயிறு கட்டிக்கொண்டு நின்றார். பிளாஸ்டிக் பை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. ஆனால் நம் ஆட்கள் கேட்டையும் காக்கியையும் ஒன்றாகப் பார்த்தால் என்ன செய்வார்கள்? தினமும் காலையில் கம்பெனி கேட்டில் செய்வதைத்தான் செய்தார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். செல்போன், சாவிக்கொத்து, பெல்ட்டு, தீப்பெட்டி எல்லாவற்றையும் எடுத்து அவர் மேசையில் வைத்துவிட்டு, தடவிப் பார்ப்பதற்கு வசதியாகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அந்தக் காவலர் வெளியூர்க்காரர், பயந்தே போனார். "எதுக்குங்க இதெல்லாம் எங்கிட்ட குடுக்கிறீங்க?" என்று கேட்டார். "உள்ள போகும்போது எதுவும் வச்சிக்கிடக் கூடாதுல்ல சார்" என்றார் செல்லச்சாமி, அவருக்கே சட்டம் சொல்லிக்கொடுப்பது போல. காவலர் ஒரு சாக்கை எடுத்து எல்லாவற்றையும் கட்டி வைத்தார். நானும் வரிசையில் நின்றேன். வாத்தியாராக இருந்தவனுக்கு வரிசையைக் கண்டால் விலகத் தோன்றாது. போனைக் கொடுத்தேன், ஷூவையும் கழற்றினேன், கையையும் தூக்கினேன். முதல் குட்டத்துக்குப் போய்ச் சேர்ந்து, செல்லச்சாமி வீட்டம்மா அய்யம்மாள் செல்பி எடுக்க இடுப்பைத் தடவியபோதுதான், "அய்யய்யோ, இது கம்பெனி இல்லையே" என்று எல்லோருக்கும் உறைத்தது. திரும்பிப் போய் எடுக்க யாருக்கும் மனசில்லை. ஆகவே மாப்பிள்ளை, இந்த மாமா மலை ஏறியது வெறுங்காலோடு. உங்கள் ஷூவுக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது.

முதல் குட்டத்தில் அத்தை உட்கார்ந்துவிட்டாள். நான் இரண்டாவதுக்கு ஏறினேன். ஏறினேன் என்றால், முன்னால் செல்லச்சாமி கையைப் பிடித்து இழுக்க, பின்னால் இருவர் முட்டுக்கொடுக்க, ஒரு பீரோவை மாடிக்கு ஏற்றுகிற மாதிரி ஏற்றினார்கள். அங்கே உட்கார்ந்தபோது முழங்கால் கொதித்தது. மூன்றாவது குட்டத்துக்குப் போகிற வழியைப் பார்த்தேன். வழி எங்கே இருக்கிறது, வேரும் பாறையும்தான் இருந்தன. "போதும் சார், இம்புட்டு தூரம் வந்ததே பெருசு" என்றார் செல்லச்சாமி. எனக்கு எங்கள் வீட்டைப் பூட்டுகிற சத்தம் அங்கேயே கேட்டது, மாப்பிள்ளை. வாசலில் வேப்பமரம், மாடத்தில் என் ரேடியோ, சபையில் நான் உட்கார்கிற மூன்றாவது பெஞ்சு எல்லாம் கண் முன்னால் வந்து போயின.

அப்போதுதான் கீழே டமார் என்று ஒரு சத்தம். யாரோ காலேஜ் பையன்கள் உயரப் பாறையில் இருந்து முதல் குட்டத்துக்குள் குதித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிளவுக்குள் அது நாலு தடவை எதிரொலித்தது. பட்டாசுக் கம்பெனியில் சத்தம் கேட்டால் என்ன ஏது என்று விசாரிக்கிற பழக்கம் கிடையாது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, சத்தத்துக்கு எதிர்ப்பக்கமாக ஓட வேண்டும். அது அவர்கள் காலுக்கே தெரியும். புளியோதரைப் பாத்திரம் ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம், ஒருத்தரும் வாயே திறக்காமல் மேலே பாய்ந்தார்கள். நான் யானை என்று நினைத்தேன். பின்னால் யானை வருகிறபோது ஒருவன் தன் முழங்காலைப் பற்றி யோசிக்க முடியாது. வேரைப் பிடித்தேன், பாறையைப் பிடித்தேன், செல்லச்சாமியின் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு அவரைத் தாண்டினேன். பாதி வழியில் அவர்கள் திரும்பிப் பார்த்து, பையன்கள் தண்ணீரில் நீந்துவதைக் கண்டு சிரித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். "சார், ஒண்ணுமில்ல சார், நில்லுங்க" என்று கத்தினார்களாம். எனக்கு அது "விடாதீக" என்றுதான் பட்டது. மூன்றாவது குட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய், தொப்பிப்பாறை மேல் நின்றபிறகுதான் திரும்பிப் பார்த்தேன். யானை இல்லை. எனக்குக் கீழே மலை மட்டும் இருந்தது.

அழுதேன், மாப்பிள்ளை. வெட்கப்படாமல் எழுதுகிறேன், நின்று அழுதேன். எம்புட்டு தூரம் தெரிகிறது தெரியுமா? கண்மாய்கள் தெரிகின்றன, ரோடு தெரிகிறது, அந்தப் பக்கம் மங்கலாக நம் ஊர்ப் பக்கமும் தெரிகிறது என்றே நான் வைத்துக்கொண்டேன். பிறகு இறங்கி மூன்றாவது குட்டத்தில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தேன். ஐஸ் மாதிரித் தண்ணீர். முழங்கால் இருக்கிற இடமே தெரியவில்லை. மூச்சிரைக்க வந்து சேர்ந்த செல்லச்சாமி, "எங்க கம்பெனியில இந்த ஓட்டம் ஓடுற ஆளு ஒருத்தன் கிடையாது சார். அடுத்த சீசனுக்கு நீங்க வந்துருங்க, ஓடிக் காட்டுறதுக்கு ஒரு ஆளு வேணும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் ஓய்வு பெற்ற அன்று நடந்த விழாவில்கூட இப்படித் தட்டவில்லை.

இறங்கியதை விரிவாக எழுதத் தேவையில்லை. உட்கார்ந்தபடியே இறங்கினேன், பேண்ட் போய்விட்டது. கீழே உங்கள் அத்தை என் முழங்காலைத் தடவிப் பார்த்தாள், அமுக்கிப் பார்த்தாள். "வலிக்கா?" என்றாள். இல்லை என்றேன். "நெசமாவா?" என்று மறுபடியும் கேட்டாள். நெசமாகத்தான் என்றேன். வேனில் வீடு வரைக்கும் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். இப்படி ஒரு புருசனைப் பற்றித் தெரியாமல் இவ்வளவு காலம் இருந்துவிட்டோமே என்ற பிரமிப்பு என்று நினைக்கிறேன். செக்போஸ்டில் போன் கிடைத்ததும் ஒரு போட்டோ எடுத்தோம். கிழிந்த பேண்டும் ஈரத் தலையுமாக அது ஆஸ்பத்திரிப் போட்டோ மாதிரி இருப்பதால் அனுப்பவில்லை. சாட்சி வேண்டுமென்றால் ஒரு வேன் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆகவே தோற்றது நீங்கள். வீட்டைப் பூட்டுகிற பேச்சு இனி கிடையாது. கிறிஸ்துமஸுக்கு நீங்கள் குடும்பமாக இங்கே வாருங்கள், வாசல் திறந்திருக்கும். மலைகளையும் கன்மலைகளையும் படைத்த ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. பேரப்பிள்ளைக்குத் தாத்தாவின் முத்தம்.

இப்படிக்கு,
வெறுங்காலோடு ஏறிய உங்கள் மாமா,
தேவாசீர்வாதம்

பி.கு.: கவரை ஒட்டப்போகிற நேரத்தில் உங்கள் அத்தை இதை வாங்கி வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மூணு குட்டமும் ஏறுனீகல்ல? அப்போ மூணு மாடி ஏறிருவீகல்ல?" என்றாள். நான் கவரைக் கீழே வைத்தேன். "புள்ளையப் போன்ல பாத்துப் பாத்தே ரெண்டு வருசம் போச்சு. இவருக்கு முழங்கால் முடியலையே, நாம கேக்கக் கூடாதுன்னுதான் வாயத் தெறக்காம இருந்தேன். அன்னைக்கு அமுக்கிப் பாத்தப்பவே முடிவு பண்ணிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டாள். எத்தனையோ வார்டுகளில் வேலை பார்த்தவள், அவள் அழுது நான் பார்த்ததில்லை. பொதிகை ரயிலில் இரண்டு டிக்கெட் போட்டாகிவிட்டது. கிறிஸ்துமஸ் வரைக்கும்கூட அவளால் பொறுக்க முடியாதாம். வீட்டுச் சாவியைச் செல்லச்சாமி வைத்திருப்பார். உங்கள் ஷூ புதுசாகவே இருக்கிறது, அதைப் பெட்டியில் வைத்துவிட்டாள். மேலே "தோற்றது நீங்கள்" என்று எழுதியதை மட்டும் அடித்துவிட்டு வாசிக்கவும். ஸ்டேஷனுக்கு வரும்போது உங்கள் படிக்கட்டில் நடுவில் உட்கார இடம் உண்டா என்று சொல்லவும். தூக்க மட்டும் வர வேண்டாம். நான் ஏறுவேன்.