லோகியர் அண்ணனும் பனிமலைப் பந்தயமும்

ஊவா மாகாணத்தில் எத்தனையோ டிரைவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கார்ப் பந்தயத்தில், அதுவும் கம்ப்யூட்டர் திரையில் ஓடுகிற பொய்ப் பந்தயத்தில், எதிரே மலையேறி வந்த லொறிக்கு ஒதுங்கி நின்று, "போங்க, போங்க" என்று கையும் காட்டியவர் லோகியர் அண்ணன் ஒருவர்தான். உலகத்திலேயே ஒருவர்தான் என்று எழுதியிருப்பேன். உலகத்தை நான் பார்த்ததில்லை.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. பதுளையில் யாருக்கும் தெரியாது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஹாலிஎல வழியாக மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பழைய தனியார் பஸ் ஒன்றை அவர் ஓட்டினார். மலையில் எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து டிரைவர்களின் சட்டம். மற்றவர்கள் அதைச் செங்குத்தான இறக்கத்தில் மட்டும் பார்ப்பார்கள். இவர் கடைவீதியிலும் பார்த்தார். எப்போதும் லோ கியர்தான், அதனால் வந்த பெயர் இது. வளைவு வந்தால் ஹோர்ன். வளைவு வரப்போவதாகச் சந்தேகம் வந்தாலும் ஹோர்ன். ஒரு மாடு அவருடைய பஸ்ஸை முந்திக்கொண்டு போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். மாடு அவசரப்படவும் இல்லை.

ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். அதன் பின் அறையில் ஒரு சிமியுலேட்டர் போட்டேன். ஸ்டியரிங், கியர், பெடல்கள், முன்னால் பெரிய திரை. உட்காருவதற்கு ஓர் உடைந்த வேனிலிருந்து கழற்றிய சீட். திரையில் விதவிதமான கார்களை ஓட்டிப் பார்க்கலாம். அதில் பனிமலையிலிருந்து கீழே இறங்கும் ஒரு பந்தயம் உண்டு. மகா கொடுமை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், ரோடெல்லாம் ஐஸ். போதாததற்கு எதிரே சாதாரண வண்டிகளும் ஏறி வரும். குறித்த நேரத்துக்குள் கீழே போய்ச் சேர்ந்தால் திரையில் ஒரு கோப்பை காட்டும். அந்தக் கோப்பையை என் கடையில் ஒருவரும் பார்த்ததில்லை. வந்தவர்கள் எல்லாரும் மூன்றாவது வளைவுக்குள் செத்தார்கள். நானும் செத்தேன்.

லோகியர் அண்ணனின் பஸ் முதலாளி ஒருநாள் போன் திருத்த வந்தவர், ஆசைப்பட்டு உட்கார்ந்து ஓட்டினார். முதல் வளைவிலேயே பள்ளத்துக்குள் போனார். எழுந்து சட்டையை உதறிக்கொண்டார். அந்த ஆள் ஒரு முட்டாள். கையில் பணம் இருந்ததால் அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அப்போது அவர் புது பஸ் ஒன்று வாங்கியிருந்தார். பழையதை இரும்புக்குப் போடப்போகிறார். புதியதை லோகியர் அண்ணனுக்குக் கொடுப்பதா, பறந்து ஓட்டுகிற ஓர் இளம் டிரைவருக்குக் கொடுப்பதா என்று குழம்பிக்கொண்டிருந்தவருக்கு, என் கடையில் வைத்துப் புத்தி வேலை செய்துவிட்டது. அண்ணனைக் கூப்பிட்டார்.

"இந்தா பாருங்க. ஒங்க பஸ்ஸ விட்டுட்டு ஆளுங்கல்லாம் பின்னால வர்ற பஸ்ல ஏறுறாங்க. இந்த ரேஸ்ல கோப்பை எடுத்துக் காட்டுங்க, புது பஸ் ஒங்களுக்குத்தான். மாசக் கடைசி வரைக்கும் டைம் தாறேன். இல்லாட்டி வீட்டுல இருங்க."

அண்ணன் திரையை உற்றுப் பார்த்தார். "ரோட்டுல ஐஸ் கெடக்குதே முதலாளி. நம்ம ரூட்ல ஐஸ் இல்லையே."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது."

மறுநாள் தோட்டத்து பஸ் புறப்பட நேரம் இருக்கும்போது அண்ணன் வந்தார். சீட்டில் உட்காரவில்லை. திரைக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார்.

"என்னண்ணே தேடுறீங்க?"

"டயர் பாக்காம எப்படி தம்பி எடுக்கிறது?"

ஒருவழியாக உட்கார்ந்தார். பச்சை விளக்கு எரிந்தது. மற்றக் கார்கள் எல்லாம் சீறிக்கொண்டு போய்விட்டன. இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"போங்கண்ணே!"

"இன்னும் ரைட் சொல்லல்லையே."

இருபத்தைந்து வருடமாகக் கண்டக்டர் "ரைட்" சொல்லாமல் அவர் வண்டியை நகர்த்தியதில்லையாம். ஆகவே அடுத்த நாள் கண்டக்டரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கண்டக்டர் அவருடைய மனைவியின் தம்பி. அந்த ஆள் என் வேன் சீட்டின் முதுகில் தட்டித் தட்டி, "ரைட் ரைட், போகலாம் மச்சான்!" என்று கத்தினான். கண்டக்டர் உள்ளே வந்ததும், பஸ்ஸுக்குக் காத்திருந்த தோட்டத்து ஆட்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். என் பின் அறை அகலமில்லாதது. பைகளை மடியில் வைத்துக்கொண்டு சிலர் தரையில் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் சீட்டையும் அலுமாரியையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். திரையில் வளைவு வந்தால் எல்லாரும் சேர்ந்து சாய்ந்தார்கள். என் அலுமாரியும் சாய்ந்தது.

"அண்ணே, மெதுவா போங்க, எனக்கு வாந்தி வருது" என்றார் ஓர் அக்கா.

அண்ணன் உடனே ஒரு கியர் இறக்கினார்.

நடுவழியில் ரோட்டோரம் ஒரு சின்னக் கல் தேவாலயம் வரும். அங்கே வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்.

"இப்ப என்ன?"

"சாமி இருக்கு தம்பி. எந்த ஊரு சாமியா இருந்தா என்ன, நிக்காம போகலாமா?"

கண்டக்டர் முன்னால் போய்த் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு பையிலிருந்து திருநீறு எடுத்து ஸ்டியரிங்குக்கும் திரைக்கும் பூசினான். துடைத்தவன் நான்.

அண்ணன் ஒரு கீறலும் இல்லாமல் அடிவாரம் வந்து சேர்ந்தார். அந்தப் பந்தயத்தில் அடிவாரத்தைக் கண்ட முதல் மனிதர் அவர்தான். ஆனால் அதற்குள் பரிசளிப்பு முடிந்து, கொடிகளையெல்லாம் கழற்றிவிட்டிருந்தார்கள்.

"அண்ணே, இது ரேஸ்!" என்று கத்தினேன்.

"அதுக்கென்ன, போய்ச் சேர்ந்துட்டோம்ல?"

"சேர்ந்துட்டோம், சேர்ந்துட்டோம்" என்றார்கள் பின்னால் நின்றவர்கள். வாந்தி வந்த அக்கா கைதட்டினார்.

இப்படியே நாள் போனது. நான் திட்டினேன். நேரம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் கோப்பை வரவில்லை. மாதம் முடியப்போகிற நேரத்தில் ஒரு மத்தியானம் அண்ணன் தனியாக வந்து, ஓடாத திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுல இருன்னு சொல்றாரே தம்பி. ஞாயித்துக்கெழம ஒரு நாள் வீட்டுல இருந்தாலே, எப்ப கெளம்புறீங்கன்னு பொஞ்சாதி கேக்குறா. இந்த வயசுல எவன் எனக்கு வேற பஸ் குடுப்பான்?"

எவனும் கொடுக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன்.

கடைசி நாள் முதலாளி வந்தார். அறை நிறைய ஆட்களைக் கண்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதென்ன சந்தையா? எல்லாம் வெளிய போங்க! நீயும் போய்யா!" என்று கண்டக்டரையும் விரட்டினார். எல்லாரும் போய்க் கடை வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள். முதலாளி என் ஸ்டூலைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரைட் சொல்ல ஆளில்லாததால் நானே எரிச்சலோடு, "ரைட்" என்றேன்.

அண்ணன் வழக்கம்போலத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். அங்கே என் சாய்ந்த அலுமாரி மட்டும் நின்றது.

"தம்பி, யாரும் ஏறல்லையா?"

"எதுல ஏற?"

"வண்டியிலதான்."

"அண்ணே, அந்தக் காருல எப்பவுமே யாரும் இல்ல. நீங்க மட்டுந்தான்."

"பின் சீட்டுல?"

"பின் சீட்டே இல்லண்ணே! ரேஸ் கார்!"

என்னை ஒரு பார்வை பார்த்தார். இத்தனை நாள் ஏமாற்றிவிட்டேன் என்பதுபோல.

"காலி வண்டியா? இத மொதல்லயே சொல்ல வேணாமா?"

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. கியர் கம்பு என் கடையில் அதுவரை கேட்காத சத்தங்களையெல்லாம் போட்டது. முன்னால் போன கார்களை ஒவ்வொன்றாக விழுங்கினார். அப்போதும் வளைவு தோறும் ஹோர்ன் அடித்தார். எதிரே லொறி வந்தது. "மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிக்கொண்டே பாறைக்கும் லொறிக்கும் நடுவே நுழைந்து போனார். தேவாலயம் வந்தது. ஒரு கையை எடுத்து நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். வண்டி நிற்கவில்லை.

"சாமிக்குத் தெரியும், காலி வண்டின்னு."

வேகம் வேண்டும் என்று கேட்ட முதலாளி ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "மெதுவா! ஐயோ, மெதுவாய்யா!" என்று கத்தினார்.

திரையில் கோப்பை வந்தது. வாசலில் நின்றவர்கள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் என்னவோ ஏதோவென்று கதவை இழுத்துச் சாத்திவிட்டார்.

முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்படி ஓட்டத் தெரிஞ்சு வச்சுக்கிட்டா இத்தன வருசமா உருட்டினீங்க?"

"இத்தன வருசமும் ஆளுங்க இருந்தாங்களே முதலாளி."

"அதெல்லாம் விடுங்க. நாளையிலருந்து புது பஸ்ஸ இதே மாதிரி ஓட்டணும்."

"சரிங்க முதலாளி. காலியா வர்றப்ப ஓட்டுறேன்."

முதலாளிக்கு ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. வாசலைப் பார்த்தார். பாதி பஸ் ஸ்டாண்ட் அங்கே நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

புது பஸ்ஸும் பழையதைப் போலத்தான் போகிறது. லோ கியர், வளைவு தோறும் ஹோர்ன். என் வீடு ஹாலிஎலயில் இருக்கிறது. கடை பூட்டியதும் அதில்தான் ஏறுகிறேன். பின்னால் வருகிற வண்டியெல்லாம் எங்களைத் தாண்டிப் போகும். எனக்கு எரிச்சல் வரும். இறங்கும்போது அவரைத் திட்டாமல் இறங்கியதில்லை. வேறு எந்த பஸ்ஸில் இந்த மலை ரோட்டில் போனாலும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விழித்தே இருப்பேன். லோகியர் அண்ணனின் பஸ்ஸில் மட்டும், பதுளையைத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறேன்.